மறுகால்

2025 ஜூனில் எங்கள் ஊர் ஒரே வாரத்தில் பிரபலமாகிவிட்டது. ஊரைத் தனித் தீவு என்று வர்ணித்து ஒருவர் போட்ட ரீல்கள் இன்ஸ்டாகிராம் முழுக்க ஓடின. பத்து வருஷமாக என்னை ‘சிவகாசி சைடு’ என்று மட்டும் தெரிந்துவைத்திருந்த ஆபீஸ் ஆட்கள், என் மேசைக்கு வந்து “ஏங்க, நீங்க கூமாப்பட்டியாமே?” என்று இழுத்துக் கேட்டுவிட்டுப் போனார்கள். வத்திராயிருப்பு என்றாலே “அது எங்க இருக்கு?” என்று கேட்டவர்கள்தான். நானும் கொஞ்ச நாள் அந்தப் பெருமையில் திரிந்தேன்.

அந்த வாரத்தில் ஒருநாள் மதியச் சாப்பாட்டில் ஜூனியர் பையன் ஒருவன் கேட்டான்: “மலையடிவாரம், ரெண்டு டேம் வேற இருக்கு. வெள்ளம் வராதாண்ணா?”

“வரும். ஆனா யார் வயலுக்குள்ள போகும்னு முன்னாடியே தெரியும்.”

ஜோக் என்று நினைத்துச் சிரித்தான். எனக்கு அதற்குமேல் சாப்பாடு இறங்கவில்லை. அந்த வாக்கியத்தை நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் அந்த மேசை இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால், ஓ.எம்.ஆரில் நான் படித்த கல்லூரியின் கான்ஃபரன்ஸ் ஹாலில், ஒரு பிரசன்டேஷனின் பதினேழாவது ஸ்லைடில் சொல்லியிருக்க வேண்டும்.

முதலில் ஊர். கூமாப்பட்டிக்கு மேலே மலையை ஒட்டி பிளவக்கல் பெரியாறு அணையும் கோவிலாறு அணையும் இருக்கின்றன. இரண்டும் 1970களில் கட்டியவை. ஒன்று நாற்பத்தேழு அடி, இன்னொன்று நாற்பத்திரண்டு அடி. மேட்டூரைப் பார்த்தவர்களுக்குப் பொம்மை மாதிரித் தெரியும். ஆனால் அந்தத் தண்ணீரை நம்பிக் கீழே நாற்பது கண்மாய்கள் இருக்கின்றன. மிச்சமாகும் தண்ணீர் அர்ச்சுனா நதியாகப் போய், இருக்கன்குடியில் வைப்பாற்றோடு சேர்ந்து, விளாத்திகுளம் தாண்டி மன்னார் வளைகுடாவில் விழும். கண்மாயைத் தனித்தனிப் பானையாக நினைக்கக் கூடாது. மேல் கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாக மறுகால் பாயும். அந்த மறுகால்தான் அடுத்த கண்மாய்க்கு வரத்து. மேலூர்க்காரனின் உபரி கீழூர்க்காரனின் உரிமை. மறுகாலை எவனாவது அடைத்தால் மண்டை உடையும், கோர்ட் கேஸ் நடக்கும்.

அம்மாவைப் பெற்ற தாத்தா நீர்பாய்ச்சி. மடையைத் திறப்பது, அடைப்பது, எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முறை பார்ப்பது அவர் வேலை. அறுவடையின்போது களத்தில் நெல்லாக அளப்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் தாத்தா வீட்டில் தூங்கமாட்டார். மலையில் இடி இறங்கும் திசையைப் பார்த்துக்கொண்டு கரையிலேயே கிடப்பார். கண்மாய் நிறையப்போகிறது என்று தெரிந்துவிட்டால், சாக்கை மடக்கித் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு கிளம்பி, கலுங்குக்குக் கீழே வயல் வைத்திருப்பவர்களின் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவார்.

“விடியங்குள்ள மறுகா விழுந்துரும்ப்பா. மோட்டாரக் கழட்டிரு.”

ஒருமுறை நானும் கூடப் போயிருக்கிறேன். ஆறு, ஏழு வயதிருக்கும். ஒரு வீட்டில் அந்த ஆள் தாத்தாவை வாய்க்கு வந்தபடி ஏசினார். தண்ணீரைத் தாத்தாதான் கூட்டிக்கொண்டு வருகிற மாதிரி. தாத்தா பேசாமல் நின்று கேட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். “எதுக்கு தாத்தா அவர் வையிறாரு?” என்றேன். “அவன் வயல் முங்கப்போகுதுல்ல, வையட்டும்” என்றார்.

இதை எழுதும்போதே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ‘முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல’ வகைக் கட்டுரையாக இது போய்விடக் கூடாது. மறுகால் வயல் யாருக்கு வாய்த்தது? விலை குறைவு, குத்தகை குறைவு என்பதால் இல்லாதவனுக்குத்தான். ஓடை ஓரம் யார் குடிசை போட்டிருந்தார்கள், மேட்டுத்தெருவில் யார் வீடு இருந்தது என்று பார்த்தாலே ஊரின் சாதிப் படத்தை வரைந்துவிடலாம். என் ஊர் நியாயமான ஊர் ஒன்றும் இல்லை. தண்ணீர் எங்கே போகும் என்பதை அங்கே யாரும் மறைக்கவில்லை. அந்த அளவுக்குத்தான் சொல்ல முடியும்.

2006ல் எஞ்சினியரிங் சேர ஓ.எம்.ஆருக்கு வந்தேன். கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். அந்தச் சாலையில் இறங்கி எந்தப் பக்கம் கல்லெறிந்தாலும் ஏதாவது ஒரு கல்லூரிச் சுவரில் படும். சோழிங்கநல்லூரிலிருந்து கேளம்பாக்கம் வரைக்கும் கல்லூரி, ஐ.டி. பார்க், அடுக்குமாடி, மறுபடி கல்லூரி. கிழக்கே பக்கிங்காம் கால்வாய், அதைத் தாண்டி ஒரு மணல் திட்டு, அப்புறம் கடல். மேற்கே ஏரிகளும் சதுப்பும். நடுவில் இருக்கிற இந்த நீளமான பள்ளத்தில்தான் நாங்கள் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் படித்தோம்.

பள்ளிக்கரணைச் சதுப்பு ஒருகாலத்தில் ஐம்பது சதுர கிலோமீட்டர் இருந்தது என்பார்கள். 2022ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது கணக்கில் வந்தது 1,248 ஹெக்டேர், அதாவது பன்னிரண்டரை சதுர கிலோமீட்டர்கூட முழுசாக இல்லை. தென்சென்னையின் முப்பது சொச்சம் ஏரிகளின் உபரி இந்தச் சதுப்பில் வந்து விழுந்து, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, தெற்கே முட்டுக்காடு முகத்துவாரத்தில் கடலுக்குப் போக வேண்டும். ஒரு பெரிய நகரத்தின் பாதிக்கு ஒரே மறுகால். அதுவும் கடல் வாங்கினால்தான். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் நம் கரையோரக் கடல்மட்டமே மற்ற மாதங்களைவிட உயர்ந்திருக்கும். அதோடு ஏற்றமும் புயல் காற்றும் சேர்ந்துகொண்டால் கால்வாயில் தண்ணீர் அப்படியே நிற்கும், சமயத்தில் திரும்பியும் வரும். கடல்சார் தொழில்நுட்பத்துக்கான தேசிய நிறுவனத்தையே பள்ளிக்கரணையில்தான் கட்டி வைத்திருக்கிறோம். இதற்குமேல் நான் என்ன சொல்ல.

அங்கே ஹாஸ்டல் மெஸ்ஸில் ஒரு அக்கா இருந்தார். எங்களுக்கு மெஸ் அக்கா. கல்லூரியின் பின்மதிலுக்கு அந்தப்பக்கம் தாழ்வான ஒரு நகரில் வீடு. செம்மஞ்சேரி, கண்ணகி நகர், பிற்பாடு பெரும்பாக்கம் என்று ஆற்றோரங்களிலிருந்தும் சுனாமி அடித்த கரையிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்து குடிவைத்த அதே பகுதிதான். 2015 வெள்ளத்துக்குப் பிறகு, அடையாறு, கூவம் கரைகளில் இருப்பது ஆபத்து என்று சொல்லி ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு மாற்றினார்கள். ஆற்றங்கரையிலிருந்து சதுப்பின் ஓரத்துக்கு. அக்காவின் நகர் அரசு கட்டியது இல்லை. காசு சேர்த்து அவர்களே மனை வாங்கிக் கட்டியது. எனக்கு டைபாய்டு வந்தபோது பதினெட்டு நாள் தனியாகக் கஞ்சி வைத்துக் கொடுத்தவர் அவர்.

2015 டிசம்பர் 1 இரவைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டதையும், அடையாற்றின் கரையில் இருந்தவர்கள் தூக்கத்தில் அதைத் தெரிந்துகொண்டதையும், பிறகு சி.ஏ.ஜி. அறிக்கை அதை மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்று சொன்னதையும். நான் அப்போது வேலையில் இருந்தேன். எங்கள் கல்லூரியில் ஜெனரேட்டரும் மின்பலகையும் தரைத்தளத்தில் இருந்ததால் முதல் மணி நேரத்திலேயே கரண்ட் போய், ஹாஸ்டல் பிள்ளைகள் இரண்டு நாள் இருட்டில் பிஸ்கட் தின்று கிடந்தார்கள். பின்பக்க விளையாட்டு மைதானத்தில் இரண்டரை அடிக்குமேல் தண்ணீர். அக்கா பரணில் உட்கார்ந்திருந்தார் என்பது எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரியும்.

2021 நவம்பரில் மறுபடி மழை, மறுபடி மைதானம் முங்கியது. கல்லூரி நிர்வாகம் பழைய மாணவர்கள் சங்கத்திடம் ஒரு வெள்ளத் தடுப்புத் திட்டம் தயாரித்துத் தரச்சொன்னது. சிவில் படித்து துபாயில் வேலை பார்த்துத் திரும்பிய ஒருத்தன், டேட்டா சயின்ஸ் ஆள் ஒருத்தி, மேப்பிங் மென்பொருளில் வேலை செய்யும் நான். மூன்று பேர். சம்பளம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பிரியாணி.

நான் ஜம்பமாக எஸ்ஆர்டிஎம் உயரத் தரவைத் தரவிறக்கி ஆரம்பித்தேன். 2000 பிப்ரவரியில் விண்கல ரேடார் பதினோரு நாள் சுற்றி எடுத்த உலக உயர வரைபடம். இலவசம். ஆனால் அந்த ரேடார் பார்ப்பது தரையை இல்லை, மரத்தின் தலையையும் மொட்டைமாடியையும். உயரத்தில் சில மீட்டர்கள் தப்பு வரும். மலைநாட்டுக்கு அது பரவாயில்லை. மொத்த நிலமே கடலைவிட ரெண்டு, மூணு மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரில் அதை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கக்கூட முடியாது. என் முதல் மாடலில் வெள்ளம் வேப்பமரத் தோப்பைச் சுற்றிக்கொண்டு லைப்ரரி மொட்டைமாடியில் ஏறியது. அதைப் பார்த்து மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

கடைசியில் வேலைக்கு ஆனது கொத்தனார் டியூப். தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் குழாய், இரண்டு முனை, இரண்டு ஆள். அதோடு மனுஷங்க. வாட்ச்மேன், கேன்டீன் மாஸ்டர், பின்மதிலுக்கு அந்தப்பக்கத்து வீடுகள். ‘2015ல எது வரைக்கும்? 2021ல எது வரைக்கும்?’ என்று கேட்டுக்கொண்டே நடந்தோம். ஒருவரும் அடிக்கணக்கில் சொல்லவில்லை. “கெண்டைக்கால்”, “முட்டி”, “தொடை”, “கொயந்தைய தோள்ல வெச்சினு போனேன்.” மெஸ் அக்கா தன் வீட்டு வாசலில் நின்று இடுப்பில் கைவைத்துக் காட்டினார். நான் டேப்பை வைத்து அளந்தேன். கூச்சமாகத்தான் இருந்தது. அவர் வீட்டு வாசப்படி இரண்டு செங்கல் உயரம். அதையும் எக்செல்லில் ஏற்றினேன். வரிசை எண் 41.

திட்டத்தில் பாதி, சண்டையில்லாத விஷயங்கள். ஜெனரேட்டரையும் மின்பலகையையும் முதல் மாடிக்கு ஏற்றுவது. லேப்களைத் தரைத்தளத்திலிருந்து எடுப்பது. கலெக்டர் விடுமுறை அறிவிக்கும் காலை ஆறு மணிக்காகக் காத்திருக்காமல், முன்னறிவிப்பு வந்ததுமே ஹாஸ்டலைக் காலிசெய்யும் முடிவை யார் எடுப்பது என்று ஒரு ஆளின் பெயரை எழுதிவைப்பது. இதெல்லாம் ஒரே நாளில் ஒப்புக்கொள்ளப்பட்டது.

மிச்சம் அந்த மூன்று ஏக்கர் மைதானம். அதைக் கட்டட இடிபாடு கொட்டி நான்கு அடி உயர்த்தி, பின்மதிலை பலப்படுத்திவிட்டால் கேம்பஸ் காய்ந்துவிடும் என்பது நிர்வாகத்தின் யோசனை. எங்களுடையது நேர் எதிர். மைதானத்தை இன்னும் மூன்று அடி தோண்டி, மழைக்கால மூன்று மாதம் குளமாக விட்டுவிடுவது. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் 2013ல் திறந்த ஒரு சதுக்கம் இருக்கிறது. வெயில் நாளில் பிள்ளைகள் அதில் கூடைப்பந்து ஆடுவார்கள், மழை நாளில் அது நீர்த்தொட்டி. அதன் படத்தைப் போட்டுக் காட்டினோம். “ஸ்போர்ட்ஸ் டே எங்க நடத்துறது?” என்று கேட்டார்கள்.

பதினேழாவது ஸ்லைடு ஒரு எளிய கணக்கு. மாடல்கூடத் தேவையில்லை, எட்டாம் வகுப்புப் பையன் போடுவான். மூன்று ஏக்கரில் எண்பது சென்டிமீட்டர் நின்ற தண்ணீர் கிட்டத்தட்ட 97 லட்சம் லிட்டர். கோடையில் ஓ.எம்.ஆருக்கு வரும் பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கர் லாரியில் எண்ணூறு லோடு. மைதானத்தை உயர்த்தினால் அந்த எண்ணூறு லோடும் ஆவியாகிவிடாது. பின்மதிலுக்கு அந்தப்பக்கத்துப் பதினேழு ஏக்கர் பள்ளத்தில் பரவும். அங்கே ஏற்கெனவே நிற்கும் தண்ணீருக்குமேல் 14 சென்டிமீட்டர். செங்கல் கணக்கில் இரண்டு.

முன்தினம் மாலை ஒத்திகை பார்த்தபோது, சங்கத்தின் மூத்தவர் ஒருவர் அந்த ஸ்லைடில் நிறுத்தினார். கெட்ட மனிதர் இல்லை. “தம்பி, கணக்கு கரெக்ட். ஆனா நம்ம ஸ்கோப் கேம்பஸ் மட்டும்தானே? இத இங்க போட்டா மொத்தத் திட்டமும் நின்னுரும். ஜெனரேட்டர்கூட ஏறாது. பின்னாடி அனெக்ஸர்ல வச்சுக்கலாமே.”

ஸ்கோப். பன்னிரண்டு வருஷம் சாஃப்ட்வேரில் இருப்பவனுக்கு இதைவிட இதமான சொல் கிடையாது. ஒரு வேலை நமக்கு வேண்டாம் என்றால் ‘அவுட் ஆஃப் ஸ்கோப்’ என்று எழுதிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். அந்த ஸ்லைடை வெட்டி அனெக்ஸரில் ஒட்டியது நான்தான். யாரும் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை. கன்ட்ரோல் எக்ஸ், கன்ட்ரோல் வி. ஜெனரேட்டர் ஏற வேண்டும், ஹாஸ்டல் பிள்ளைகள் இருட்டில் கிடக்கக் கூடாது என்பதும் உண்மைதான். மறுநாள் ஹாலில் பதினாறுக்கு அடுத்து பதினெட்டாவதைப் போட்டேன். கைதட்டினார்கள். சால்வை போர்த்தினார்கள். அனெக்ஸரை யார் படித்தார்கள் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. அடுத்த கோடையில் லாரி லாரியாக இடிபாடு வந்தது.

2011ல் தாய்லாந்தில் வந்த பெருவெள்ளத்தைப் பற்றி அதற்கப்புறம்தான் படித்தேன். பாங்காக்கின் வடக்கே தம்மசாத் பல்கலைக்கழகத்தின் ராங்சித் வளாகத்தை நிவாரண முகாமாக்கி ஆயிரக்கணக்கானவர்களைத் தங்கவைத்தார்கள். அக்டோபரில் அந்த வளாகமே முங்கி, முகாமில் இருந்தவர்களை மறுபடி வேறு இடத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. நகரத்தின் மையத்தைக் காப்பாற்ற ராட்சத மணல்மூட்டைகளை வரிசையாக அடுக்கினார்கள். வரிசைக்கு வெளியே இருந்தவர்கள் வாரக்கணக்கில் அழுகிய தண்ணீரில் நின்றார்கள். கடைசியில் அவர்களே வந்து மூட்டைகளை இழுத்துப்போட்டு உடைத்தார்கள். அதைப் படித்த இரவு தூக்கம் வரவில்லை. எங்கள் பின்மதில் கான்கிரீட். யாராலும் இழுத்துப்போட முடியாது.

2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. மிக்ஜாம் புயல் கரையைத் தொடாமல் சென்னைக்கு எதிரே ஊர்ந்துகொண்டிருந்தது. அன்று இரவும் மறுநாள் முழுக்கவும் கொட்டிவிட்டு, 5ஆம் தேதிதான் ஆந்திராவில் பாபட்லா பக்கம் கரை ஏறியது. கல்லூரி எங்கள் திட்டப்படியே நடந்துகொண்டது. சனிக்கிழமையே பிள்ளைகளை அனுப்பிவிட்டார்கள், ஜெனரேட்டர் ஓடியது, மைதானத்தில் கணுக்கால் தண்ணீர்கூட இல்லை. சங்கத்தின் வாட்ஸ்ஆப் குரூப்பில் காய்ந்த மைதானத்தின் படமும் எங்கள் மூன்று பேருக்கும் நன்றியும் வந்தன. நாற்பது பேர் கைகூப்பியிருந்தார்கள். நான் அக்காவுக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்தேன். சுவிட்ச் ஆஃப்.

7ஆம் தேதி நடந்தே போனேன். மதிலுக்கு இந்தப்பக்கம் தரை. அந்தப்பக்கம் இன்னும் முட்டிக்குத் தண்ணீர். அக்கா பக்கத்து வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து ஈர ரேஷன் அட்டையைப் பிரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தார். “வா தம்பி, சாப்டியா?” என்றார். சுவரில் கோடு தெரிந்தது. 2015ஐ விட உசரம்.

அது என் 14 சென்டிமீட்டரா? மழையின் கணக்கு வேறு, ஒக்கியம் மடுவு எப்படி ஓடியது என்பது வேறு, கடல் வாங்கியதா என்பது வேறு. ஒரு கோட்டில் எவ்வளவு வானத்தோடது, எவ்வளவு என்னோடது என்று பிரிக்க முடியாது. அந்த வசதியும் எனக்குத்தான், அக்காவுக்கு இல்லை. நான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மைதானம், எண்ணூறு லோடு, ஸ்லைடு. அவர் அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டார்.

“மண்ணு கொட்டப்பவே எங்களுக்குத் தெரியும் தம்பி. எங்க பக்கம் வரும்னு. ஆனா நீ அளக்க வந்தியே, எங்களுக்குன்னு நெனச்சேன்.”

கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாத்தா கதவைத் தட்டி ஏச்சு வாங்கினார். நான் கதவுவரை போய், டேப்பை வைத்து அளந்து, வரிசை எண் போட்டு, தட்டாமல் திரும்பியிருக்கிறேன்.

அதற்கப்புறம் நிர்வாகத்துக்கு மூன்று முறை எழுதினேன். உயர்த்திய மைதானத்தின் தெற்கு ஓரத்தில் ஒரு அகலமான வடிகால் போட்டு, பின்னால் உள்ள ஓடையைத் தூர்வாரி, அந்தப் பதினேழு ஏக்கரின் தண்ணீருக்குக் கால்வாய் வரை வழிவிட வேண்டும் என்று. ஒருமுறை பதில் வந்தது, பரிசீலிக்கிறோம் என்று. நகரின் சங்கத்துக்காரர்களோடு மாநகராட்சி வார்டு அலுவலகத்துக்கும் போனோம். ஓடையில் கொஞ்ச தூரம் பொக்லைன் இறங்கியது, பிறகு மழை வந்துவிட்டது. 2019லிருந்து சென்னைக்கு சி-ஃப்ளோஸ் என்று ஒரு வெள்ள முன்னறிவிப்பு அமைப்பு இருக்கிறது. எந்தப் பகுதியில் எவ்வளவு நிற்கக்கூடும் என்று அதிகாரிகளுக்குச் சொல்லும். அதிகாரிகளிடமிருந்து மெஸ் அக்காவின் வாசப்படிக்கு வர இன்னும் ஒரு நீர்பாய்ச்சி வேண்டியிருக்கிறது.

ரீல் பார்த்துவிட்டு கூமாப்பட்டிக்கு வந்தே தீருவேன் என்ற அந்த ஜூனியர் பையனை போன ஆடியில் அழைத்துப்போனேன். ரீலில் பார்த்த தண்ணீர் இல்லை. கண்மாய் பாதி காய்ந்து, உள்வாயில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. அவனுக்கு ஏமாற்றம். கலுங்கைக் காட்டினேன். கல்லெல்லாம் அப்படியே இருக்கிறது, ஆனால் மறுகால் ஓடைக்குள் இரண்டு இடத்தில் புதுசாகத் தென்னங்கன்று வைத்து வேலி போட்டிருந்தார்கள். நீர்பாய்ச்சி என்று இப்போது யாரும் இல்லை. “அப்போ வெள்ளம் வந்தா?” என்றான். அம்மாவைக் கேட்டேன். “வந்தாத் தெரியும்” என்றாள்.

இப்போது ஒவ்வொரு ஐப்பசியிலும் என் போனில் கடலின் ஏற்ற இறக்க அட்டவணை இருக்கும். மழை வலுத்தால் அதைப் பார்த்துவிட்டு அக்காவுக்குப் போன் போடுவேன். கடைசியாகப் பேசியபோது இரவு எட்டு மணி.

“அக்கா, இப்ப ஏத்தம். கால்வாய்ல தண்ணி நகராது. ராத்திரி ஒன்றரைக்கு மேலதான் கடல் வாங்கும்.”

“இப்ப கெண்டக்காலுக்கு இருக்குது தம்பி.”

“முட்டி வரைக்கும் வரலாம். ஃப்ரிட்ஜ் பிளக்கப் புடுங்கிருங்க. அரிசியத் தூக்கி மேல வைங்க.”

“வெச்சாச்சு, வெச்சாச்சு. ஒன்றரைக்கு ஒரு தபா போன் போடு. தூங்கிட்டன்னா எழுப்பு.”